எவ்வளவு ஈரம்?

பல் மருத்துவ மேற்படிப்பில் சேர்ந்த முதல் வாரத்திலேயே அவள் வகுப்பைக் கெடுத்தாள்.

"பல்லுக்கு ஆசிட் தடவிக் கழுவினதும் ரொம்பக் காய வெச்சிடாதீங்க. லேசா ஈரம் இருக்கணும். அப்பதான் பசை நல்லாப் பிடிக்கும்" என்று எங்கள் சார் சொல்லிக்கொண்டே போனார். எல்லாரும் எழுதிக்கொண்டோம். அவள் கையைத் தூக்கினாள்.

"எவ்வளவு ஈரம் சார்?"

"பார்த்தா பளபளன்னு தெரியணும்மா."

"எவ்வளவு பளபள சார்?"

நாங்கள் சிரித்தோம். சாரும் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். அவள் மட்டும் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, பதில் வரும்வரை எழுதமாட்டேன் என்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

மதியம் கேன்டீனில் என் எதிரே வந்து அமர்ந்தாள். அந்த வகுப்பில் நான்தான் மூத்தவள். கல்யாணமாகி, புதுச்சேரியில், சாரம் பகுதியில் எட்டு வருஷம் கிளினிக் நடத்திவிட்டு, அப்புறம் படிக்க வந்தவள். அந்த எட்டு வருஷம்தான் அவளுக்குத் தேவைப்பட்டது.

"அக்கா, நீங்க ஃபில்லிங் போடறப்ப எவ்ளோ ஈரம் விடுவீங்க?"

"அது கைப்பழக்கம்."

"உங்க கைக்கு எப்படித் தெரியும்?"

"சாப்பிடு, சாதம் ஆறுது" என்றேன். ஆனால் அன்று சாயங்காலம் கல்லூரி கிளினிக்கில் ஒரு நோயாளியின் பல்லில் காற்றை ஊதிக்கொண்டிருந்தபோது என் கை ஒரு கணம் நின்றது. எவ்வளவு என்று எனக்கே தெரியவில்லை. எட்டு வருஷமாகத் தெரியாமலேயே ஊதிக்கொண்டிருந்திருக்கிறேன். அவள்மேல் எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான், அன்பு இல்லை.

விஷயம் இதுதான். பல்லின் மேல் ஓட்டுக்கு அடியில் இருக்கும் டென்டின் என்கிற அடுக்கில், ஆசிட் பட்டதும் மெல்லிய நார்கள் வெளியே தெரியும். ஃபில்லிங்கைப் பிடித்துவைக்கும் பசை அந்த நார்களுக்கு இடையில் இறங்க வேண்டும். தண்ணீருக்குள் முடி எப்படி விரிந்து அலைகிறது, வெளியே எடுத்ததும் எப்படிக் கொத்தாக ஒட்டிக்கொள்கிறது, அதே கதைதான். ஈரம் இருந்தால் நார்கள் நிமிர்ந்து நிற்கும். ஊதிக் காயவைத்துவிட்டால் படுத்துவிடும், பசைக்கு உள்ளே போக வழி இருக்காது. சரி என்று தண்ணீரை அப்படியே விட்டால், பசை நீர்த்துப்போகும். இன்னொரு தொல்லையும் உண்டு. இன்று கச்சிதமாக ஒட்டினாலும், வாய் என்பது எப்போதும் ஈரமான இடம். வருஷக்கணக்கில் அந்த ஈரம் உள்ளே புகுந்து பசையையும் நாரையும் அரித்துக்கொண்டே இருக்கும். ஒட்டவைக்கவும் ஈரம் வேண்டும், பிரிப்பதும் அதே ஈரம்தான். இதைப் பாடமாகப் படித்தால் நமக்குக் கொட்டாவி வரும். அவளுக்குத் தூக்கம் போய்விட்டது.

கைக்கடக்கமாக ஒரு ஈரப்பதமானி வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தாள். பஸ்ஸில் பார்ப்பாள், லிஃப்டில் பார்ப்பாள், பூசை நடக்கும்போது கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பாள். அவர்கள் கத்தோலிக்கக் குடும்பம். "சனம் உள்ள வர வர ஏறுதுக்கா, அப்பம் குடுப்பாங்கல்ல, அந்த நன்மை வாங்குற நேரத்துல உச்சத்துக்குப் போவுது" என்று திங்கட்கிழமை காலையில் என்னிடம் அறிக்கை வாசிப்பாள். சாமியார் என்ன பிரசங்கம் செய்தார் என்று கேட்டால் தெரியாது.

ஒருமுறை நோயாளியின் வாயருகில் அந்தக் கருவியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட் மாட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை, மாட்டிய பிறகு ஒரு தடவை. நாற்காலியில் இருந்தவர் ஓர் ஆட்டோ ஓட்டுநர்.

"இன்னாம்மா, என் வாயில மழ வருமான்னு பாக்குறியா?"

"உங்க வாயில எப்பவும் மழதாண்ணே. இப்பக் குடை பிடிச்சிருக்கேன், நனையுதான்னு பாக்குறேன்."

அவர் சிரித்த சிரிப்பில் ரப்பர் ஷீட் கழன்றுவிட்டது. திரும்ப மாட்டினாள். எரிச்சலே படவில்லை. கழன்றதும் எண் எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறது என்று பார்க்கக் கிடைத்ததில் அவளுக்குச் சந்தோஷம்.

கருவடிக்குப்பத்தில் அவள் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடப் போயிருந்தேன். அவள் அம்மா பொரித்து வைத்த அப்பளங்களில் நாலைக் காணவில்லை. தேடினால், ஹாலில் ஒன்று, மாடிப்படியில் ஒன்று, குளியலறை வாசலில் ஒன்று, ஃபிரிட்ஜுக்கு மேலே ஒன்று. ஒவ்வொன்றுக்குப் பக்கத்திலும் நேரம் எழுதிய காகிதம். எது எத்தனை நிமிஷத்தில் நமுத்துப் போகிறது என்று கணக்கெடுத்துக்கொண்டிருந்தாள்.

"பாருங்க டாக்டரம்மா, கல்யாண வயசுல பொண்ணு அப்பளத்துக்கு டைம் பாத்துட்டு ஒக்காந்திருக்குது" என்று அம்மா என்னிடம் முறையிட்டார். ஈஸிசேரில் இருந்த அப்பா, "பசியான்ஸ், பசியான்ஸ்" என்றார். பொறுமையாக இரு என்பதற்கு அந்த வீட்டில் அந்தப் பிரெஞ்சு வார்த்தைதான். யாரைப் பொறுமையாக இருக்கச் சொன்னார் என்பதுதான் கடைசிவரை விளங்கவில்லை.

எதுவானாலும் "பாத்துடலாம்" என்பாள். கம்பெனிக்காரர் வந்து எங்கள் பசை ஈரத்துக்கெல்லாம் அசையாது என்று படம் போட்டுக் காட்டினால், "பாத்துடலாம் சார்." புத்தகத்தில் இப்படிப் போட்டிருக்கிறது என்று நான் சொன்னால், "போட்டிருக்குக்கா, ஆனா பாத்துடலாம்." அதில் திமிர் இருக்காது. குழந்தை பொம்மையின் வயிற்றைக் கிழித்துப் பார்க்கிற ஆர்வம்தான். கூட இருப்பவர்களுக்கு அது சிலசமயம் பயமாகவும் இருக்கும், ஏனென்றால் நம்மையும் ஒருநாள் பார்த்துவிடுவாள் அல்லவா?

ஆய்வேட்டுக்கு அவள் எடுத்துக்கொண்டதும் முதல் வாரத்துக் கேள்வியைத்தான். பிடுங்கிய கடைவாய்ப் பற்களைச் சேகரித்தாள். நேராக நோயாளியிடமே போய், "உங்க பல்லு எனக்கு வேணும், தருவீங்களா?" என்று கேட்பாள். எதற்கு என்று கேட்டவர்களுக்கு அரைமணி நேரம் விளக்கம். ஒரு பெரியவர், "சொத்துன்னு ஒண்ணும் இல்ல, பல்லயாவது எழுதி வெக்கிறேன் எடுத்துக்கோ" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பற்களை மூன்று கூட்டமாகப் பிரித்தாள். ஒன்று நன்றாகக் காயவைத்து ஒட்டியது. இன்னொன்று ஈரப் பஞ்சால் ஒற்றியெடுத்து, அளவான ஈரத்தில் ஒட்டியது. மூன்றாவது தண்ணீர் நிற்கவே ஒட்டியது. ஒவ்வொரு கூட்டத்திலும் பாதியை மறுநாளே மெஷினில் மாட்டி இழுத்துப் பார்த்துவிட்டாள். மீதிப் பாதியை மூன்று பாட்டில் தண்ணீரில் போட்டு ஒரு வருஷம் வைக்க வேண்டும். ஒரு வருஷம் கழித்து எந்த ஒட்டு நிற்கிறது, எது விடுகிறது என்பதுதான் ஆய்வு. வாரம் ஒருதரம், திங்கட்கிழமை காலையில், தண்ணீர் மாற்றுவாள். கைவிரலால் பாட்டிலைத் தட்டி, "எப்பிடி இருக்கீங்க?" என்று பற்களை விசாரிப்பாள். நாங்கள் கேலி செய்வோம்.

பற்களைத் தண்ணீரில் போட்ட ஒன்பதாவது மாதம் அவள் அப்பாவுக்கு இதயத்தில் அறுவைசிகிச்சை. மூன்று வாரம் லீவு போட்டாள்.

"அக்கா, திங்கக்கிழம தண்ணி மட்டும் மாத்திடுங்க. வேற ஒண்ணும் வேணாம். தண்ணியிலயே இருக்கணும், அவ்ளோதான்."

"இதெல்லாம் ஒரு வேலையா? நீ அப்பாவைப் பாரு, போ" என்றேன்.

நடுவில் ஆயுத பூஜை வந்தது. எங்கள் துறையில் ஆயுத பூஜை என்றால் கல்யாண வீடுதான். நாற்காலிகள், பல் அறுக்கும் மெஷின், இழுத்துப் பார்க்கும் மெஷின், எல்லாவற்றையும் கழுவித் துடைத்துச் சந்தனம் வைத்து மாலை போடுவோம். அந்த வருஷம் லேபைச் சுத்தம் செய்யும் பொறுப்பு என்னுடையது. அலமாரியில் அவளுடைய மூன்று பாட்டில்களும் பாசி பிடித்த மாதிரி வழவழவென்று இருந்தன. எனக்குப் பொறுக்கவில்லை. தண்ணீரைக் கொட்டிவிட்டு, பாட்டில்களைத் தேய்த்துக் கழுவி, பற்களைக் கூட்டம் கூட்டமாக மூன்று தட்டில் துணி விரித்து அடுக்கினேன். பாட்டில்களுக்கும் சந்தனப் பொட்டு வைத்தேன். தீபாராதனை முடிந்ததும் தண்ணீர் ஊற்றிப் போட்டுவிடலாம் என்று எண்ணம்.

கற்பூரம் காட்டி, பொரியும் சுண்டலும் கொடுத்து முடிந்தது. நான் தட்டை எடுக்கப் போனேன். லேப் அட்டெண்டர் அண்ணன் கையை நீட்டி மறித்தார்.

"இன்னாம்மா நீ! பூஜ போட்டாச்சு. இனிமே இங்க எதையும் தொடக்கூடாது. நாளைக்கு விஜயதசமிக்கு எடுத்துக்கலாம்."

"இல்லண்ணே, அது தண்ணியில இருக்கணும்..."

"ஒரு ராத்திரி இல்லாட்டி செத்தா பூடும்? அது பல்லும்மா."

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவர் கதவைப் பூட்டினார். இங்கே ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரியும். அவளுடன் இரண்டு வருஷம் குப்பை கொட்டியவளுக்கு அந்தப் பற்கள் காயக்கூடாது என்று தெரியாதா? பூஜை நேரத்தில் சண்டை எதற்கு என்று இருந்துவிட்டேன். மறுநாள் நான் வந்திருக்க வேண்டும். மாமியார் ஊருக்குக் கிளம்பினோம். அதற்கடுத்து சனி, ஞாயிறு. திங்கட்கிழமை தண்ணீர் மாற்ற வந்து கதவைத் திறந்தபோதுதான் ஒரு ராத்திரி நாலு ராத்திரி ஆனது உறைத்தது. பற்கள் சுண்ணாம்பாக வெளுத்துக் கிடந்தன.

பாட்டில்களை நிரப்பி, எல்லாவற்றையும் உள்ளே போட்டேன். சாயங்காலத்துக்குள் பற்கள் பழைய நிறத்துக்கு வந்துவிட்டன. சந்தனப் பொட்டைத் துடைத்தேன். யார் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. அப்பா தேறி வீடு திரும்பியதும் அவள் வந்தாள். பாட்டில்களைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தேங்க்ஸ்க்கா" என்று அம்மா கொடுத்தனுப்பிய மாங்காய் ஊறுகாயை என் கையில் வைத்தாள். அப்போதே சொல்லியிருக்கலாம். ஊறுகாயை வாங்கிக்கொண்டேன்.

மூன்று மாதம் போயிற்று. வருஷம் முடிந்து, பற்களை மெஷினில் வைத்துத் தீக்குச்சி அளவு குச்சிகளாக அறுத்தாள். குச்சியின் ஒரு பாதி பல், மறு பாதி ஃபில்லிங், நடுவில் பசை. முதல் நாள் சோதித்தபோது அளவான ஈரத்தில் ஒட்டியவைதான் பலமாக நின்றிருந்தன. இப்போது மூன்று கூட்டத்துக் குச்சிகளும் ஒன்றுபோல, மெஷினில் மாட்டுவதற்கு முன்னாலேயே, கையிலேயே உடைந்தன.

வேறு யாராவது என்றால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார்கள். இவள் முகம் விளக்குப் போட்டதுபோல ஆயிற்று. "அக்கா, வாங்களேன், இதப் பாருங்களேன்! மூணும் ஒரே மாதிரி போயிடுச்சு! ஏன்?"

நான் கிட்டே போய், உடைந்த குச்சிகளை அப்போதுதான் பார்ப்பவள் மாதிரி குனிந்து பார்த்தேன்.

அடுத்த பத்து நாளும் அந்த 'ஏன்'தான். தண்ணீரைச் சோதித்தாள். பசை வந்த டப்பாவின் தேதியைப் பார்த்தாள். அறுக்கும் பிளேடை மாற்றினாள். தன் கையின் மேலேயே சந்தேகப்பட்டு, புதுப் பல்லில் ஒட்டிப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தன. கடைசியில் ஒரே ஒரு முடிவுதான் மிஞ்சியது. எப்படி ஒட்டினாலும், எத்தனை கவனமாக ஈரம் பார்த்தாலும், ஒரு வருஷத்தில் எல்லாம் விட்டுப்போகும். சாரும் அதையே எழுதச் சொல்லிவிட்டார். சமர்ப்பிக்க இரண்டு மாதம்தான் இருந்தது.

அந்த வாரத்தில் ஒருநாள் அவள் ஒரு நோயாளிக்கு ஃபில்லிங் போடுவதைப் பக்கத்து நாற்காலியிலிருந்து பார்த்தேன். ஆசிட்டைக் கழுவியாயிற்று. ஈரப் பஞ்சு கையில் இருக்கிறது. ஒற்றவும் இல்லை, ஊதவும் இல்லை. அப்படியே நிற்கிறாள். என்னைத் திரும்பிப் பார்த்து மெதுவாக, "எத நம்பிப் பண்றதுக்கா?" என்றாள். அவளுடைய ஒரு வருஷத்தை மட்டும் நான் கெடுக்கவில்லை. அந்தக் கையையும் கெடுத்திருக்கிறேன்.

அப்போதும் வாய் திறக்கவில்லை. திறக்க வைத்தது அவள்தான். இரண்டு நாள் கழித்து என்னை மைக்ராஸ்கோப்புக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"பசை இருக்குற எடத்தப் பாருங்க. விடவே இல்ல. அந்தப் பக்கம் பாருங்க, பல்லு வெடிச்சிருக்கு. பசை தோக்கல அக்கா, பல்லுதான் ஒடஞ்சிருக்கு. காஞ்ச பல்லுதான் இப்பிடி வெடிக்கும். வருஷம் முழுக்கத் தண்ணியில இருந்த பல்லு எப்பிடிக்கா காயும்?"

என்னிடம் கேட்கிறாள் என்று நினைத்துவிட வேண்டாம். பொதுவாகத்தான் கேட்டாள், கண்ணை லென்ஸிலிருந்து எடுக்காமல். அந்த அறையில் அதற்குப் பதில் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

சொல்லிவிட்டேன். பூஜை, தட்டு, பூட்டு, நாலு நாள், ஒன்று விடாமல்.

அவள் நிமிர்ந்தாள். அறைவாள் என்று நினைத்தேன். நோட்டை எடுத்தாள்.

"எத்தன மணிக்கு வெளிய எடுத்தீங்க?"

"காலைல... பத்து இருக்கும்."

"ஃபேன் ஓடிச்சா?"

"இல்ல. மெயின ஆஃப் பண்ணிட்டுத்தான் பூட்டினாங்க."

"ஜன்னல்?"

"ஒண்ணு தொறந்திருந்துது."

"மேல துணி மூடியிருந்துதா?"

"அடியில மட்டும்."

எழுதினாள். கடைசியில், "அப்போ பசை மேல தப்பில்ல" என்றாள். அவள் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்க்க என்னால் முடியவில்லை.

நேராகச் சாரிடம் போனாள், நானும் பின்னாலேயே போனேன். சார் கேட்டுவிட்டு நெற்றியைத் தடவினார். "ஒரு வருஷம் தண்ணில இருந்துதுன்னே எழுதிடும்மா. யாருக்குத் தெரியப்போவுது? டேட் விட்டா ஆறு மாசம் தள்ளிப்போயிடும்" என்றார்.

"எனக்குத் தெரியுமே சார்."

"யாரு பண்ண வேலை இது?"

அவள் சும்மா இருந்திருக்கலாம். தானே செய்ததாகச் சொல்லியிருக்கலாம், நிறையப் பேர் அப்படித்தான் செய்வார்கள். என்னைக் கைகாட்டியும் இருக்கலாம். "அக்கா சொல்வாங்க சார்" என்றாள். சொன்னேன். சார் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டினார். நான் தலைகுனிந்து நின்றேன், அதுகூட ஒருவிதத்தில் ஆறுதலாக இருந்தது.

அந்தத் தடவை நாங்கள் ஐந்து பேர் பரீட்சை எழுதினோம். அவள் எழுதவில்லை. புதிதாகப் பற்கள் சேர்த்து, தண்ணீரில் வைக்கும் காலத்தைக் குறைத்து, மறுபடி செய்து, ஆறு மாதம் தள்ளித்தான் எழுதித் தேறினாள். அளவான ஈரத்தில் ஒட்டியவையே நின்றன. ஆய்வேட்டில் நாலு நாள் காய்ந்த பற்களைப் பற்றித் தனியாக ஒரு பக்கம் இருக்கிறது. ஜன்னல் திறந்திருந்ததும் அதில் இருக்கிறது, என் பெயர் இல்லை. இப்போது வேறு மாநிலத்தில் ஒரு கல்லூரியில் வேலை செய்கிறாள். கிறிஸ்துமஸுக்கு மெசேஜ் வரும், என் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டு. நான் பதில் போடுவேன்.

எனக்கு மறக்காதது அன்று சாரின் அறையிலிருந்து வெளியே வந்த பிறகு நடந்தது. வண்டி நிறுத்தும் ஷெட்டில் அவள் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டியில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய், "என்னைத் திட்டேன்டீ" என்றேன்.

"திட்டினா நீங்க சொல்றத நிறுத்திடுவீங்க. எனக்கு இன்னொண்ணு தெரியணும்" என்றாள். "அந்த மூணு மாசம் உங்களுக்கு எப்பிடி இருந்துச்சுக்கா?"

குத்திக்காட்டக் கேட்கவில்லை. அப்பளத்தைப் பார்த்த அதே கண்ணோடு, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நானும் சொன்னேன். திங்கட்கிழமை அவள் பாட்டிலைத் தட்டும் சத்தம் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவேன் என்றேன். அவள் வீட்டு ஊறுகாயை நான் தொடவேயில்லை, வீட்டுக்காரர்தான் தின்று தீர்த்தார் என்றேன். மெஷின் ஏதாவது பழுதாகி எல்லாக் குச்சியும் நாசமாய்ப் போகட்டும், பழி மெஷின்மேல் விழட்டும் என்று ஒருநாள் சாமியைக் கும்பிட்டதையும் சொன்னேன். தலையைச் சாய்த்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அடுத்து என்ன, அப்புறம் என்ன என்று அவள் கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே வந்தேன். பிறகு என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை.

அவளிடமும் கேட்க ஒன்றும் இல்லை. ஹெல்மெட்டின் பட்டையை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தாள். அவளிடம் கேள்வி தீர்ந்துபோய் நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"ஒரு வருஷம்க்கா" என்றாள்.

அவள் அழ ஆரம்பித்தாள்.